எல்லோருக்கும் மூன்று பவுன்

பத்திரிகை வாங்குகிறோம், படிக்கிறோம், பிடித்திருந்தால் எழுதியவரைப் புகழ்கிறோம். எழுத்துக் கோத்தவரையும் யந்திரம் ஓட்டியவரையும் நாம் நினைப்பதுண்டா? அவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று விசாரிக்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. அதை விசாரித்த ஓர் அச்சுக்கூடம் தென்னாப்பிரிக்காவில் இருந்தது.

1903-ம் ஆண்டில் டர்பன் நகரில் 'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வாரப் பத்திரிகை தொடங்கிற்று. ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய நான்கு பாஷைகளில் வெளிவந்த அதற்கு நஷ்டமே மிச்சம். ஒரு சமயம் காந்தியடிகள் மாதம் 75 பவுன் வரையில் கைப்பணத்தை அதில் கொட்டவேண்டி வந்தது. 1904-ல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் செல்லும்போது அவர் ரஸ்கினின் நூல் ஒன்றைப் படித்தார். வக்கீலின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்று அதிலிருந்து அவர் கண்ட உண்மை, அச்சுக்கூடத்தையே இடம் பெயர்த்துவிட்டது!

டர்பனுக்குப் பதினான்கு மைல் தொலைவில், ஃபீனிக்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகே, ஆயிரம் பவுனுக்கு நூறு ஏக்கர் நிலம் வாங்கினார்கள். சிறு நீரூற்றும், சில ஆரஞ்சு, மா மரங்களும் அங்கே இருந்தன. ருஸ்தம்ஜி சேட் கொடுத்த பழைய தகரங்களைக் கொண்டே 75 அடி நீளமுள்ள கொட்டகை ஒரு மாதத்திற்குள் எழும்பியது. நிறம், தேசம் என்ற வித்தியாசமின்றி ஆளுக்கு மாதம் மூன்று பவுன் என்பது திட்டம். அச்சு வேலை போக மிகுந்த நேரத்தில் அவரவர் நிலத்தைப் பயிரிட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் இதற்கு இசைந்தார்களா? இல்லை. சம்மதித்த சிலருள் யந்திரத் தொழிலாளி கோவிந்தஸ்வாமி ஒருவர். மற்றவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் பழைய சம்பளத்திலேயே உடன் வந்தார்கள். லட்சியத்தைக் கட்டளையாக்காத இந்தப் பொறுமையே அங்கு நமக்கு மிகவும் பிடித்த அம்சம்.

முதல் இதழை அச்சிடும் இரவில் எண்ணெய் எஞ்சின் ஓட மறுத்தது. முன்யோசனையாக வைத்திருந்த கைச்சக்கரத்தைச் சுற்ற ஒரே சமயத்தில் நான்கு பேர் வேண்டும். களைத்து உறங்கிய தச்சர்களை எழுப்பினார்கள். அவர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். விடியும்வரை பாட்டும் வேலையுமாகக் கழிந்தது. காலையில் எஞ்சின் சமர்த்தாக ஓடிற்று! பின்னர் ஒரு காலத்தில் அந்த எஞ்சினை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டுக் கைபலத்தாலேயே அச்சிட்டார்கள். விளம்பரங்களையும் வெளி வேலைகளையும்கூட நிறுத்தினார்கள்.

இதில் கஷ்டமும் இருந்தது. ஃபீனிக்ஸில் வந்து தங்கத் தமிழ் எழுத்துக் கோப்பவர் கிடைக்காமையால் தமிழ்ப் பகுதி நிறுத்தப்பட்டது. மேலும், அது சட்டப்படி பதிவான கூட்டுறவுச் சங்கமன்று. காந்தியடிகளின் ஆளுமையே அதன் அச்சாணி. ஒருவர் பலத்தில் நிற்பதைப் பலர் பலத்தில் நிறுத்துவதற்கே கூட்டுறவு முறை தேவைப்படுகிறது. அங்கே முதலீடு எவ்வளவாயினும் ஆளுக்கு ஒரே வோட்டு.

இன்று இங்கிலாந்து முதலிய நாடுகளில் தொழிலாளிகளே உடைமையாளராக நடத்தும் அச்சகங்கள் உண்டு. சிலவற்றில் ரிஸோ என்னும் ஜப்பானிய யந்திரம் ஓடுகிறது. மெல்லிய தாளில் நுண்துளைகள் இட்டு, அவற்றின் வழியே மையைப் பிதுக்கும் யந்திரம் அது. மையைப் பதிக்கச் சூடு வேண்டாமையால் மின்சாரம் மிச்சம். மையில் சோயா எண்ணெயோ தவிட்டெண்ணெயோ சேர்கிறது. குறையும் உண்டு: மை எளிதில் உலராது, விரலில் ஒட்டும். 'ரிஸோ' என்ற சொல்லுக்கு ஜப்பானிய பாஷையில் 'லட்சியம்' என்று பொருள். லட்சியம் சற்றே கையில் ஒட்டினால் நஷ்டமில்லை அல்லவா?

ஆனால் நியாயமான கூலியும் நல்ல மையும் விலையை உயர்த்தவே செய்யும். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கடை கடையாக ஏறி, ஆயிரத்துக்கு ஐம்பது ரூபாய் குறைத்தவரிடம் கொடுக்கும் நாமே, தொழிலாளியின் கூலியையும் நிர்ணயிக்கிறோம். 'இந்தியன் ஒப்பீனியன்' 1961 வரை வாழ்ந்ததென்றால், அதற்குச் சக்கரம் சுற்றிய கைகள் மட்டும் காரணமல்ல. சந்தா செலுத்திய கைகளும் காரணமே.