வெற்றிலைக் கொடி ஏன் வாடுகிறது?

மழைக்காலம். நேற்றுவரை பளபளத்துக் கொண்டிருந்த வெற்றிலைக் கொடி இன்று துவண்டு நிற்கிறது. என்ன செய்வீர்கள்? ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவீர்கள். ஆனால் சில வேளைகளில் அந்தக் குடம் தண்ணீரே அக்கொடிக்கும், அதை அடுத்துள்ள கொடிகளுக்கும் கேடாக முடியும். ஆகவே, ஊற்றுமுன் கொடியின் அடிப்பகுதியைப் பாருங்கள்.

தாகமா, நோயா?

தண்ணீர் போதாத கொடி நண்பகலில் துவண்டு மாலையில் நிமிரும். அதன் தண்டு பச்சையாகவும் உறுதியாகவும் இருக்கும். மண் ஈரமாக இருந்தும் கொடி நிமிரவில்லை, இலைகள் பளபளப்பு இழந்து மஞ்சளாகின்றன என்றால் ஐயம் கொள்ளுங்கள். தரையை ஒட்டிய தண்டை விரலால் அழுத்துங்கள். அது கறுத்து, கொழகொழவென்று நசுங்கி, துர்நாற்றம் வீசினால் அது அடியழுகல் நோய். வேர்களும் கறுத்திருக்கும். வேர் உறிஞ்சும் நீர் தண்டின் வழியாகவே மேலே செல்கிறது. தண்டின் அடி அழுகியதும் அந்தப் பாதை அடைபடுகிறது. ஈர மண்ணில் நின்றுகொண்டே கொடி நீரின்றி வாடுவது இதனால்தான்.

தண்டின் அடியில் வெண்மையான நூல் போன்ற இழைகளும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் காணப்பட்டால், அது ஸ்கிளிரோஷியம் என்னும் வேறொரு பூசணத்தின் வேலை.

நீந்தி வரும் பகைவன்

அடியழுகலை உண்டாக்குவது பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர். 'தாவரத்தை அழிப்பது' என்பது இக்கிரேக்கப் பெயரின் பொருள். ஜெர்மானிய அறிஞர் டி பாரி 1876-இல் இப்பெயரைச் சூட்டினார். 1845 முதல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

பார்வைக்குப் பூசணம் போல இருந்தாலும் இது உண்மையான பூசணம் அன்று. பாசிகளுக்கு நெருங்கிய உறவுடையது. இதன் வித்துகளுக்கு இரண்டு நுண்ணிய சாட்டைகள் உண்டு. அவற்றை அசைத்து, மண்ணிலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்தி வேரை அடைகின்றன. வாய்க்கால் நீரோடு அடுத்த கொடிக்கும் செல்கின்றன. பல பூசண நோய்களைத் தீர்க்கும் கார்பன்டசிம் மருந்து இதனிடம் பலிக்காமல் போவதும் இந்த வேறுபாட்டால்தான்.

என்ன செய்யலாம்?

தண்டின் அடி முழுவதும் அழுகிய கொடியைக் காப்பாற்ற இயலாது. அதை வேரோடு அகழ்ந்து எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். பயன்படுத்திய கத்தியையும் மண்வெட்டியையும் கழுவுங்கள். அந்த இடத்திலிருந்து மற்றக் கொடிகளுக்கு நீர் பாயாதபடி தடுத்துவிடுங்கள்.

மற்றக் கொடிகளுக்குப் போர்டோக் கலவை காப்பாக அமையும். பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே 1885-இல் திராட்சை நோய்க்காக வெளியிட்ட மருந்து இது. மயில்துத்தம் 25 கிராமை 5 லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 25 கிராமை வேறு 5 லிட்டர் நீரிலும் கரையுங்கள். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளக்கும் இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

வெற்றிலை பச்சையாகவே மெல்லப்படுவது. எனவே பறிக்கத்தக்க இலைகளை முதலில் பறித்துக்கொண்டு, இலைகளில் படாமல் கொடியின் அடிமண்ணில் மட்டும் கலவையை ஊற்றுங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் ஒருமுறை இவ்வாறு செய்யலாம். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணத்தைத் தொழுவுரத்தில் கலந்து இடுவதும் உண்டு. ஆனால் அதையும் செம்பு மருந்தையும் ஒரே நேரத்தில் இடாதீர்கள். செம்பு அதையும் கொன்றுவிடும்.

இவை அனைத்தையும்விடச் சிறந்தது வடிகால். நீர் தேங்காத மேட்டுப் பாத்தி, அளவான பாசனம், நோயற்ற தோட்டத்திலிருந்து எடுத்த விதைக்கொடி ஆகிய மூன்றும் இருந்தால், நீந்தி வரும் பகைவனுக்கு நீந்த இடமிராது.