நஞ்சராயன் குளக்கரையில் ஒரு காலை நடை

திருப்பூரிலுள்ள காதர்பேட்டை பனியன் வியாபாரத்திற்குப் பேர் போன இடம். இரயில்வே நிலையத்தை அடுத்துள்ள அந்தக் கடைத்தெருவிற்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து குடியானவர்கள் பலர் வந்து போகின்றனர். அங்கிருந்து ஊத்துக்குளிச் சாலை வழியே சுமார் 10 கிலோமீட்டர் சென்றால், சர்க்கார் பெரியபாளையத்தின் அருகே நஞ்சராயன் குளம் இருக்கிறது என்பதையும், அதன் கரைமீது ஒரு மணி நேரம் நடப்பதனால் விளையும் பிரயோஜனத்தையும் அவர்களில் அநேகர் கவனிப்பதில்லை. மலையேற வேண்டியதில்லை, வயது சென்றவர்களும் சிறுவர்களும் சிரமமின்றி நடக்கலாம். அங்குள்ள பக்ஷிகளைக் கண்டறியப் பழகியவர், தம் ஊர்க் குளத்தின் நிலையையும் பக்ஷிகளைக் கொண்டே அறிந்து கொள்வார்.

குளத்தின் வரலாறு

நொய்யலின் உபநதியான நல்லாற்றின் மழைவெள்ளமே இக்குளத்திற்கு வரத்து. பல நூற்றாண்டுகளுக்கு முன் இதனைச் செப்பனிட்ட நஞ்சராயன் என்னும் அரசன் பெயரால் இது வழங்கி வருகிறது. பரப்பு 125.865 ஹெக்டேர், அதாவது சுமார் 311 ஏக்கர். 2022-ஆம் ஆண்டில் இது தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. ஈர நிலங்களைக் காக்கும் பொருட்டு 1971-ஆம் ஆண்டில் ஈரான் தேசத்து ராம்சார் நகரில் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில், 2024-ஆம் ஆண்டில் இக்குளமும் சேர்க்கப்பட்டது. 191 வகைப் பக்ஷிகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் இங்கே கணக்கிடப்பட்டுள்ளன.

நடக்கும் முறை

ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்கள் ஏற்றவை; வடதேசங்களிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் அக்காலத்தில் தங்கியிருக்கும். சூரியோதயத்தின்போதே கரையை அடைதல் நலம். சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நின்று பார்த்தால் பக்ஷிகளின் நிறங்கள் தெளிவாகத் தெரியும். பளிச்சென்ற வெள்ளாடையை விட மண்ணிறமோ இலைநிறமோ உள்ள ஆடையே தகுந்தது. புல்லில் பாம்புகள் இருக்கக்கூடுமாதலால் செருப்பின்றி நடக்கலாகாது. நாயை உடன் அழைத்துச் செல்வதும், கூச்சலிடுவதும், இரை போடுவதும் கூடா. ஓரிடத்தில் கால்மணி நேரம் அசையாது நிற்பவர், கரை முழுவதும் விரைந்து சுற்றுபவரைக் காட்டிலும் அதிகம் காண்பார்.

பக்ஷிகள் கூறும் செய்தி

முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி இரை தேடுபவை. இவை வழக்கமாக மேயும் இடத்தில் ஓரளவு ஆழமும் சிறு மீனும் உண்டு என்று கொள்ளலாம். கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்து மீன் பிடிப்பதற்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். நாமக்கோழியும் புள்ளிமூக்கு வாத்தும் நீர்ச்செடிகளை நாடும். எனினும் ஆகாயத்தாமரை குளம் முழுவதையும் மூடிவிட்டால் அவையும் விலகிப் போகும்.

செங்கால்களுடன் நிற்கும் நெடுங்கால் உள்ளானும் பிற உள்ளான்களும் கணுக்காலளவு ஜலத்திலும் சேற்றிலும் மேய்பவை. கோடையில் இவை மிகுந்திருப்பது இயல்பு. நல்ல மழை பெய்து குளம் நிறைய வேண்டிய காலத்தும் நடுக்குளத்தில் இவையே நிற்குமாயின், வண்டல் மேலிட்டுக் குளம் தூர்ந்து வருகிறதா, அல்லது வரத்து வாய்க்கால் அடைபட்டதா என்று விசாரித்தல் அவசியம்.

பக்ஷிகள் ஏராளமாக இருப்பது ஒன்றினாலேயே ஜலம் சுத்தமானது என்று எண்ணிவிடலாகாது. கழிவுநீர் கலந்த குளங்களில் புழுக்கள் பெருகுவதால், நெடுங்கால் உள்ளான் போன்றவை அங்கும் திரளாகக் கூடும். ஆகையால் எத்தனை பக்ஷிகள் என்பதோடு எவ்வகைப் பக்ஷிகள் என்பதையும் நோக்க வேண்டும். மூழ்குபவை குறைந்து சேற்றில் மேய்பவை மட்டும் மிகுவதும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதும், துர்நாற்றமும் ஒருங்கே காணப்படின் உடனே கவனிக்கத்தக்க அபாயக் குறிகளாகும்.

கவனியாமல் விட்டால் நேரும் கேடு இப்பிரதேசத்தார் அறியாததன்று. பாசனத்தின் பொருட்டு நொய்யலின் குறுக்கே கட்டப்பெற்று 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்நீர் பயிருக்குக் கேடாய் முடிந்தது. கழிவுநீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.

வயலுக்கு ஆகும் நன்மை

குளத்தில் தங்கும் பக்ஷிகளிற் சில வயலிலும் உழைக்கின்றன. உண்ணிக்கொக்கு ஏரின் பின் சென்று, கிளம்பும் பூச்சிகளைத் தின்னும். கரிச்சான் உயரமான இடத்திலிருந்து பாய்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். இதன் பொருட்டு ஏக்கருக்கு 20 வீதம் பறவை தாங்கிக் குச்சிகளை நடுதல் செலவற்ற முறை. அவற்றில் இரவில் அமரும் கூகை எலிகளை வேட்டையாடும்.

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கலில், பக்ஷிகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதைக் குடியானவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பக்ஷிகளைச் சுட்டுக் கொல்லாதபடி தடுக்க அவர்கள் செய்துகொண்ட விண்ணப்பத்தின்மேல், 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவர் காப்புரிமை அளித்தார். சட்டங்கள் ஏற்படுமுன்னரே அங்குப் பக்ஷிகளைக் காத்தவர்கள் நிலமுடையவர்களே.

கிராம அதிகாரிகளும் நிலமுடையோரும் செய்யத்தக்கவை

1. மாதம் ஒருமுறை ஊர்க் குளக்கரையைச் சுற்றி நடந்து, கண்ட பக்ஷிகளின் பெயர், எண்ணிக்கை, ஜலத்தின் மட்டம் ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் குறித்து வருதல். இரண்டு மூன்று ஆண்டுகளில் குளத்தின் ஏற்றத்தாழ்வு அதில் தெளிவாகும்.

2. வரத்து வாய்க்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றை அந்நடையிலேயே பார்வையிட்டு, ஆக்கிரமிப்போ கழிவுநீரோ காணின் தாமதமின்றி மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தல்.

3. வண்டல் எடுக்க வேண்டின் உரிய அநுமதி பெற்று, கரையின் அடிவாரத்தையும் பக்ஷிகள் கூடு கட்டும் மரங்களையும் விட்டு, ஒரே சீராக எடுத்தல். ஆழ்குழிகள் கூடா; ஓரத்தில் ஆழமற்ற நீர் கொஞ்சம் இருத்தல் வேண்டும். சரணாலயக் குளமாயின் வனஇலாகாவின் அநுமதியும் அவசியம்.

4. பள்ளிச் சிறுவரை ஆண்டிற்கு ஒருமுறையேனும் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, பக்ஷிகளின் பெயர்களைக் கற்பித்தல்.

இமயத்திற்கு அப்பாலுள்ள திபேத்து, மங்கோலியா முதலிய பிரதேசங்களில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, குளிர்காலத்தில் தென்னாட்டுக் குளங்களை நாடி வருவது. நஞ்சராயன் குளத்திலும் காணப்பட்டுள்ளது. அத்தனை தூரம் பறந்து வரும் பக்ஷிக்கு வேண்டுவன ஜலமும் இரையும் அமைதியுமே. ஜலம் கெடாத குளத்தை நாடித்தான் ஆயக்கட்டு நிலங்களும் இருக்கின்றன. ஆதலின், காதர்பேட்டைக்கு வேலையாக வருகிற குடியானவர் ஒரு காலைப்பொழுதை இக்கரையில் கழித்து, பின்னர் தம் ஊர்க் குளக்கரையிலும் அவ்வாறே நடந்து பார்ப்பாராயின், செலவு அற்பம், பயனோ பெரிது.