தருமத்துக்கு ஈந்த வண்டியும் வரிக்கழிவும்

ஐக்கிய அமெரிக்காவில், பழைய மோட்டார் வண்டியைத் தரும நிலையமொன்றுக்கு ஈந்து, அதன் பெறுமதியை வருமானவரிக் கணக்கிற் கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. டிசெம்பர் 31ஆந் திகதிக்குள் வண்டி கைமாறினால் அவ்வாண்டுக் கணக்கிற் சேரும். அங்கு வாழும் நம் பழைய மாணவர் சிலரும் இதனை அறிந்திருப்பர். கழிவு எவ்வளவு என்பதிலேதான் மயக்கம்.

முன்னாளிற் கொடுப்பவர் தாமே விலை மதித்தனர். அந்நாட்டுக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 54 வண்டிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, 2003இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் மூன்றில் இரு பங்கில், கொடுத்தவர் குறித்த விலையில் நூற்றுக்கு ஐந்தோ அதனிலுங் குறைவோதான் நிலையத்தை அடைந்தது! மிகை மதிப்பும் விற்பனைச் செலவும் எஞ்சியதை விழுங்கின. ஈகையின் பெயரால் அரசிறையே குறைந்தது எனலாம்.

ஆகவே 2004இற் சட்டந் திருத்தப்பட்டது. 500 டொலருக்கு மேற்பட்ட கழிவு வேண்டின், நிலையம் வண்டியை விற்றுப் பெற்ற தொகையே எல்லை. நாம் 4,000 டொலர் பெறுமென எண்ணிய வண்டி ஏலத்தில் 1,000க்குப் போயின் கழிவும் 1,000மே. நிலையம் அதனைத் தன் பணிக்கே நெடிது பயன்படுத்தினும், வறியவருக்கு மிகக் குறைந்த விலைக்கு அளிப்பினும் சந்தைவிலை கொள்ளலாம்.

கழிவு வேறு, வரி வேறு. நூற்றுக்கு 22 வீதம் வரியிறுப்பவருக்கு 1,000 டொலர்க் கழிவால் மிஞ்சுவது 220 டொலரே. அதுவும் செலவுகளை ஒவ்வொன்றாய் நிரற்படுத்திக் காட்டுவோருக்கு மாத்திரம். 2018இல் பொதுக்கழிவு ஏறக்குறைய இருமடங்கானபின் அத்தகையோர் மிகச் சிலர். ஏனையோர் வண்டியைத் தாமே விற்றுப் பணமாய் ஈதல் நன்று; 2026ஆம் ஆண்டுக் கணக்கு முதல், தனியொருவரின் 1,000 டொலர் வரையான பணக்கொடைக்கு நிரற்படுத்தாமலே கழிவு உண்டு. வண்டிக்கு அச்சலுகை இல்லை.