கல்கரி நகரின் மல்லர் குடும்பம்

கூத்துக் களரியிலே அபிமன்யு மடியப் போகின்றான் என்பதை அறியாதவர் எம்மில் எவருமிலர். அறிந்திருந்தும், சக்கர வியூகத்தின் நடுவே அவன் தனித்து நிற்கும் வேளையில் எம் கண்கள் கலங்குகின்றன. முடிவு தெரிந்த போர் எம் நெஞ்சை உருக்குவது எவ்வாறு? அண்ணாவியார் அளித்த பயிற்சியும், ஆடுபவன் சிந்தும் வியர்வையும் மெய்யானவையாய் இருப்பதனாலன்றோ!

மேல்நாடுகளில் தொழிலாக நடைபெறும் மல்யுத்தமும் இத்தகையதே. வெல்பவர் யார், வீழ்பவர் யார் என்பது மேடை ஏறுமுன்னரே பேசி முடிக்கப்படும். ஆயினும் தூக்கி எறியப்படும் உடல் மெய். பலகையில் மோதும்போது எழும் நோவும் மெய். இதனைத் தம் வாழ்வினாலேயே உணர்த்திய குடும்பம் ஒன்று உண்டு. எம்மவர் பலர் குடியேறி வாழும் கனடா தேசத்தின் மேற்குப் பகுதியில், அல்பேர்ட்டா மாகாணத்துக் கல்கரி நகரில் வாழ்ந்த ஹார்ட் குடும்பமே அது. அவர்கள் நடத்திய ‘ஸ்டாம்பீட்’ மல்யுத்தக் கம்பனியின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

கூடாரத்தில் வளர்ந்தவர்

கம்பனியை நிறுவிய ஸ்டூ ஹார்ட் 1915ஆம் ஆண்டு மே மாதத்தில் சஸ்கற்றூன் நகரிற் பிறந்தவர். கொடிய வறுமையினால் அவருடைய குடும்பத்தினர் புல்வெளியிலே கூடாரமடித்து வாழ்ந்த காலமும் உண்டு. உறைபனி கொட்டும் அந்நாட்டில் கூடார வாழ்வு எத்தகையதென்பதை வெப்ப நாட்டவராகிய நாம் கற்பனை செய்வதும் அரிது. எட்மண்டன் நகரின் வை. எம். சி. ஏ. கூடத்தில் மல்யுத்தம் பயின்ற அவர், 1940இல் கனடாவின் அமெச்சூர் வீரர் பட்டத்தை வென்றார். ஆனால் அவ்வாண்டு நடைபெறவிருந்த ஒலிம்பிக் விழாவை உலகப் போர் விழுங்கிவிட்டது. கடற்படையிற் பணியாற்றிய பின்னர் நியூயோர்க் சென்று, தொழில்முறை மல்லரானார். அங்கே சந்தித்த ஹெலன் ஸ்மித் என்னும் நங்கையை 1947 டிசெம்பர் 31ஆம் திகதி மணம் புரிந்தார். மறு ஆண்டிலே அல்பேர்ட்டாவிற் கம்பனி தொடங்கியது. முதலில் ‘குளொண்டைக்’ என்ற பெயர் பூண்டு, பின்னர் வேறு பெயர்களையும் தாங்கி, ஈற்றில் ‘ஸ்டாம்பீட்’ ஆயிற்று.

அக்காலத்தில் வட அமெரிக்கா முழுவதும் மல்யுத்தக் கம்பனிகளிடையே பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவருடைய எல்லைக்குள் மற்றவர் காட்சி நடத்துவதில்லை. சிறு கம்பனிகளும் பிழைத்திருந்ததற்கு இந்த எழுதாச் சட்டமே வேலியாய் நின்றது.

வீடே கம்பனி

வெள்ளிக்கிழமை இரவு கல்கரியின் விக்டோரியா மண்டபத்திற் காட்சி. மறுநாள் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள எட்மண்டனிற் காட்சி. அதன்பின் சஸ்கற்றூன், றெஜைனா என்று நெடுவழிப் பயணம். பனிக்காலத்தில் வழுக்கும் தெருக்களிலே மல்லர்கள் வண்டிகளில் நெருங்கியமர்ந்து இரவிரவாகச் சென்றனர். ஊர் ஊராகத் திரிந்த எமது பழைய நாடகக் கம்பனிகளை இது நினைவூட்டவில்லையா?

ஸ்டூவுக்கும் ஹெலனுக்கும் பன்னிரண்டு மக்கள்: ஆண்கள் எண்மர், பெண்கள் நால்வர். கணக்கேடும் மல்லர்களின் சம்பளமும் ஹெலன் அம்மையாரின் பொறுப்பு. பிள்ளைகள் நிகழ்ச்சி நிரல் விற்றனர். மேடை அமைக்கவும் உதவினர். காட்சியிற் பங்குகொண்ட கரடியொன்று சில காலம் அவர்கள் வீட்டு முன்றிலின் கீழே குடியிருந்ததாம்! புதல்வர் எண்மரும் ஏதோ ஒரு வகையில் மல்யுத்தத் தொழிலிலே ஈடுபட்டனர். புதல்வியர் நால்வரும் மல்லர்களையே மணந்தனர்.

1951இல் வாங்கிய அவர்களது பெரிய வீட்டின் நிலவறையே பயிற்சிக் கூடம். அதற்குப் ‘பாதாளச் சிறை’ என்பது பட்டப்பெயர். தாழ்ந்த கூரையின் கீழ், மெத்தை விரித்த தரையிலே, ஸ்டூ தம் மாணவரை இறுகப் பிடித்து அலற வைப்பார். மேடையிற் பிடி நடிப்பாயிருக்கலாம்; நிலவறையில் நடிப்புக்கு இடமில்லை. மெய்யான பிடியின் வலியை அறிந்தவனே மற்றவனுக்குக் காயம் நேராமற் பிடிக்க வல்லவன் என்பது அங்கே கற்கும் முதற் பாடம். யப்பானிலிருந்தும் இளைஞர்கள் வந்து இக்கம்பனியிற் பழகிச் சென்றனர். எட் வேலன் என்பாரின் நகைச்சுவை மிகுந்த வருணனையுடன் இக்காட்சிகள் தொலைக்காட்சி வாயிலாகப் பிற நாடுகளுக்கும் எட்டின.

வேலி சரிந்தது

1980களில் கேபிள் தொலைக்காட்சி பரவியது. நியூயோர்க்கிலிருந்து வளர்ந்த பெரிய நிறுவனமொன்று எல்லா எல்லைகளையும் தாண்டி எல்லா வீடுகளுக்குள்ளும் புகுந்தது. 1983 டிசெம்பரில் கல்கரிக் காட்சியொன்றில் மூண்ட கலவரமும் கம்பனிக்குக் கேடாயிற்று. 1984இல் ஸ்டூ தம் கம்பனியை அப்பெரிய நிறுவனத்துக்கு விற்றார். மறு ஆண்டே மீண்டும் தொடங்கினாராயினும், 1990ஆம் ஆண்டளவிலே திரை விழுந்தது. 1999இல் புதல்வர் மீண்டும் உயிரூட்டியபோதும் பழைய சிறப்பு மீளவில்லை.

ஆனால் கம்பனி அழிந்தாலும் கல்வி அழியவில்லை. மகன் பிரெட் ஹார்ட் அப்பெரிய நிறுவனத்தின் உலக வீரர் பட்டத்தை 1992 ஒக்டோபர் 12ஆம் திகதி முதன்முறையாக வென்றார். வென்ற இடம் எது? தந்தை பிறந்த அதே சஸ்கற்றூன் நகரம்!

இக்கலை கேட்ட விலையையும் நாம் மறைத்தல் தகாது. 1978இல் இங்கிலாந்திலிருந்து வந்து, சிறிய உடலும் மின்னல் வேகமுமாய்க் கல்கரியைக் கவர்ந்தவர் ‘டைனமைற் கிட்’ எனப்பட்ட ரொம் பில்லிங்டன். ஓயாது விழுந்தெழுந்த அவருடைய முதுகு பழுதுற்றது. பிற்காலத்தைச் சக்கர நாற்காலியிற் கழித்து, 2018இல் தம் அறுபதாவது பிறந்த நாளன்றே மறைந்தார். ஸ்டூவின் கடைசி மகன் ஓவனின் முடிவு இன்னும் கொடியது. 1999 மே 23ஆம் திகதி கன்சாஸ் நகரக் காட்சியிலே, கூரையிலிருந்து கயிற்றின் வழியே மேடைக்கு இறங்கும் வேடிக்கைக்காக ஏற்றப்பட்ட அவர், கொக்கி விடுபட்டு வீழ்ந்து மாண்டார். வயது 34. அம்முடிவு எவராலும் முன்னரே பேசி வைக்கப்பட்டதன்று.

ஹெலன் அம்மையார் 2001இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே கனடா அரசின் உயர் விருதொன்றைப் பெற்ற ஸ்டூ, 2003 ஒக்டோபர் 16ஆம் திகதி 88ஆவது வயதிற் கண் மூடினார். பேத்தி நட்டாலியா அதன் பின்னரும் அக்குலத் தொழிலைக் கைவிடாது, மேடையேறிப் பட்டங்கள் வென்றார்.

“எல்லாம் வெறும் நடிப்பு” என்று இக்காட்சிகளை எள்ளி நகைப்பது எளிது. பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சோறிட்ட உழைப்பும், நிலவறையிற் சிந்திய வியர்வையும், மகனைப் பறிகொடுத்த முதிய பெற்றோரின் கண்ணீரும் நடிப்பல்ல. பிள்ளைகள் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்க்கும்போது இக்கதையையும் அவர்களுக்குப் பெற்றோர் எடுத்துரைப்பாராக. வீட்டு முற்றத்தில் அதனைச் செய்து பார்க்கத் துணியும் சிறுவருக்கும் இதுவே தக்க எச்சரிக்கையாகும்.