ஜவ்வாது மலை வகுப்பறையில் ஆட்டிசம் குழந்தை: சிறப்பாசிரியர் வராத நாளில் என்ன செய்யலாம்?

'பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல. உட்கார வெச்சா எழுந்து ஓடுறான்.' இப்படி ஒரு பிள்ளைக்கு வகுப்பில் முதலில் கிடைப்பது 'அடங்காதவன்' என்ற பட்டம்தான். ஆட்டிசமாக இருக்குமோ என்ற யோசனை தாமதமாகவே வருகிறது.

ஜவ்வாது மலையில் இந்தத் தாமதம் இன்னும் கூடலாம். மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றி வருபவர்கள். மற்ற நாட்களில் எல்லாமே வகுப்பாசிரியர் கையில்தான்.

அவருக்கு எது உதவும்?

பட அட்டவணை: ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குக் கேட்பதைவிடப் பார்ப்பது எளிது. பிரேயர், பாடம், சத்துணவு, விளையாட்டு, வீடு என ஐந்து படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைக் கழற்றிவிடலாம். அடுத்து என்ன என்று தெரிந்தால் பதற்றம் குறையும். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'டீச்' முறையின் அடிப்படைகளில் இதுவும் ஒன்று.

படம் கொடுத்துக் கேட்பது: பேச்சு வராத குழந்தை தண்ணீர் படத்தை டீச்சர் கையில் கொடுத்தால், உடனே தண்ணீர் கிடைக்க வேண்டும். 1985-ல் உருவான 'பெக்ஸ்' முறை இது. படத்தைப் பழக்கினால் பேச்சு வராமலே போயிடும் என்ற பயம் தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒரு வேலை: 'கை கழுவிட்டு, தட்டு எடுத்துட்டு, வரிசையில நில்லு' என்பது மூன்று வேலை. ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைச் சொல்ல வேண்டும். செய்து முடித்ததும் அந்த நொடியே பாராட்ட வேண்டும்.

சத்தம்: மணியோசைக்கும் தட்டுச் சத்தத்துக்கும் காதைப் பொத்திக்கொண்டால் அது அடம் இல்லை, அந்தச் சத்தம் நிஜமாகவே தாங்க முடியாததாக இருக்கலாம். கூட்டம் சேரும் முன்பே சாப்பிட வைக்கலாம். ஒதுங்கி உட்கார ஓர் அமைதியான மூலை போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ, ஆட்டிசத்தைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்க முடியாது.

விடுதியில்?

வேலைக்காகப் பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில், உண்டு உறைவிடப் பள்ளிதான் பிள்ளைக்கு வீடு. இடம் மாறும்போது பழகிய வரிசையும் மாறினால், கற்றது கைநழுவலாம். அதனால் பட அட்டைகள் மூன்று செட் வேண்டும்: வகுப்புக்கு ஒன்று, வார்டனிடம் ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பழைய காலண்டர் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் ஒரே நாளில் செய்துவிடலாம்.