அகிலுக்கு ஜாதகம்!

அகிற்புகையில் கூந்தலை உலர்த்திய பெண்களைப் பற்றிப் பழந்தமிழ் நூல்களில் படித்திருப்பீர்கள். அகில் இனத்திலே பேர் போனது அஸ்ஸாம் தேசத்து அகரு மரம். அதில் ஆரோக்கியமான ஒரு மரத்தை வெட்டி முகர்ந்து பாருங்கள். வெளிறிய, சாதாரணக் கட்டைதான், மணமே இராது! புழு துளைத்து, அந்தக் காயத்தில் காளான் புகுந்தால்தான், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கறுத்த பிசினை உண்டாக்குகிறது. அந்தப் பிசின்தான் அகிலின் வாசனை. நோய் வந்தால் விலை ஏறும் விந்தையைக் கண்டீர்களா?

இந்த மணத்துக்கு ஆசைப்பட்டுக் காட்டு மரங்களை வெட்டித் தள்ளிவிட்டார்கள். ஆகவே 1995-ல் இதன் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. இன்று அஸ்ஸாமில் வீட்டுக் கொல்லைகளில், பாக்கு மரங்களுக்கு நடுவே இதை வளர்க்கிறார்கள். புழு வரட்டும் என்று காத்திராமல், அடிமரத்தில் துளையிட்டுக் காளானைச் செலுத்துவோரும் உண்டு.

சரி, அப்படி விளைந்த கட்டை உயர்ந்ததா, மட்டமா? வியாபாரி நிறத்தைப் பார்ப்பார், தண்ணீரில் மூழ்குகிறதா என்று பார்ப்பார், தணலிலிட்டு முகர்வார். ஆனால் சாயம் பூசினால் நிறம் வரும். எண்ணெயில் ஊறவைத்தால் மணம் வரும். ஈயத்தைப் புதைத்தால் கனம் வரும்!

இங்கேதான் ரசாயன நிபுணர் வருகிறார். கட்டையைத் தூளாக்கிச் சாராயத்தில் காய்ச்சி, எவ்வளவு சத்து இறங்கியது என்று நிறுக்கிறார். பிறகு ‘குரோமட்டோகிராபி’ என்ற முறையில் அந்தச் சத்தை அங்கம் அங்கமாகப் பிரிக்கிறார். அகில் பிசினுக்கே உரிய குரோமோன்கள் தென்பட்டால், மரம் உண்மையாகவே பிசின் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். சீனாவின் 2015-ஆம் ஆண்டு அரசாங்க மருந்து நூல் இதற்கு அளவே விதித்திருக்கிறது: சாராயத்தில் இறங்கும் சத்து 100-க்கு 10 பங்காவது இருக்க வேண்டும், அகரோடெட்ரால் என்ற குரோமோன் 0.10 பங்காவது இருக்க வேண்டும். மலிவு எண்ணெயைக் கலந்திருந்தால், அந்த எண்ணெயின் அங்கங்களும் தனியே தலைகாட்டிவிடும்.

இதனால் வாங்குகிறவருக்கு மட்டுமா லாபம்? வளர்ப்பவருக்கு இது ஜீவாதாரமான விஷயம். பல வருஷம் வளர்த்த மரத்தை அவசரப்பட்டு வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. சிறு துண்டைக் குடைந்தெடுத்துச் சோதித்தால், வெட்டலாமா, இன்னும் பொறுக்கலாமா என்பது தெரிந்துவிடும்.

ஆனாலும் மூக்குக்கு இன்னும் வேலை போய்விடவில்லை. அகிலின் மணம் பல பொருள்கள் கூடிச் செய்யும் கச்சேரி. ஒரே எண்ணிக்கை காட்டும் இரண்டு கட்டைகள் வேறு வேறாக மணப்பதுண்டு. பொய்யைப் பிடிக்க ரசாயனம்; ருசியைச் சொல்ல மூக்கு!

அடுத்த முறை யாராவது “அசல் அகரு அத்தர்!” என்று உங்கள் புறங்கையில் ஒரு துளி தடவினால், மயங்கிவிடாதீர்கள். “ஐயா, ஜாதகம் பார்த்தாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.