ஆற்றில் இட்ட பொன்னும் வழிப்பயண மூட்டையும்

திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் ஆன்றோர் போற்றிய திருத்தலமே இன்றைய விருத்தாசலம். மணிமுத்தாற்றின் கரையில் பெரியநாயகி அம்மையுடன் பழமலைநாதர் எழுந்தருளியுள்ள இத்தலத்தில், சுந்தரமூர்த்தி சுவாமிகள் 12,000 பொன் பெற்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அப்பொன்னைத் திருவாரூரில் பெற அருளவேண்டும் எனச் சுந்தரர் விண்ணப்பித்தார். மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு திருவருள் கிடைத்தது. மாற்று அறிதற்பொருட்டு வெட்டிய சிறு துண்டாகிய மச்சத்தை மட்டும் உடன் கொண்டு, தில்லையைத் தொழுது ஆரூர் சேர்ந்தார். குளத்தில் கிடைத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்புநோக்க, மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பதிகம் பாடிய பின்னரே அது நிறைவுற்றது.

பெரும்பொருளை விட்டுச் சென்றவர் அச்சிறு துண்டை விடவில்லை. நெடுவழி செல்வோர்க்கு இதில் ஓர் உண்மை உண்டு. வேண்டாதன சுமத்தல் ஆகாது. வேண்டுவது சிறிதாயினும் மறத்தல் ஆகாது.

மாசிமகம் போன்ற விழாக்காலங்களில் மோட்டார் சைக்கிளில் தலந்தோறும் செல்லும் அன்பர் இன்று பலர். இவர்கள் முதற்கண் கருதவேண்டுவது சுமையின் இருப்பு. கனமான பொருள்களைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும், இருபுறமும் எடை ஒத்திருக்குமாறும் வைத்தல் வேண்டும். கைப்பிடியில் பை தொங்கவிட்டால் வண்டியைத் திருப்புதல் தடைப்படும். கயிற்றின் நுனியோ சேலைத் தலைப்போ சக்கரத்திலும் சங்கிலியிலும் சிக்கினால், கண்ணிமைப்பொழுதில் சக்கரம் நின்று உயிருக்கே கேடு நேரும். ஆதலின் நுனிகளை உள்ளே மடித்துக் கட்டுக. சூடேறும் சைலன்சரில் பை படலாகாது. புறப்பட்ட சிறிது தொலைவில் ஒருமுறை நிறுத்தி, தளர்ந்த கட்டுகளை இறுக்குவது நன்று.

இரண்டாவது, கருவிகள். பிளக் ஸ்பானர், மாற்றுப் பிளக், திருப்புளி, கட்டிங் பிளேயர், கிளட்ச் கேபிள், ஃபியூஸ், கைவிளக்கு, சிறு காற்றடிக்கும் பம்பு ஆகியன போதும். டியூப் இல்லாத டயராயின் துளையில் செருகும் ரப்பர் திரியும் அதற்குரிய ஊசியும் வேண்டும். டியூப் உள்ளதாயின் மாற்று டியூபும், டயரை நெம்பும் இரும்புப் பட்டைகளும், சக்கர அச்சின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானரும் வேண்டும். இவற்றை வீட்டிலேயே பொருத்திப் பார்த்துவிடுக. நள்ளிரவில், ஆளற்ற சாலையில், அளவு பொருந்தாத ஸ்பானர் வெறும் இரும்பேயாகும்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரில் அகலும் பொம்மையும் வாங்கிச் செல்வோர், ஒன்றோடொன்று மோதாதவாறு வைக்கோலோ காகிதமோ இடையிட்டு அடுக்குவர். கருவிகளுக்கும் அம்முறையே பொருந்தும். தனித்தனியே துணியில் சுற்றி ஒரே பையில் இட்டால் ஓசையும் தேய்மானமும் இரா. இருளிலும் கைக்கு எட்டும். மருந்தும் மழைச்சட்டையும் பையின் மேற்புறத்தே இருத்தல் வேண்டும்.

சுமை ஏறியபோது வண்டி நிற்க மிகுந்த தொலைவு கொள்ளும். ஆகவே முன்செல்லும் ஊர்திக்கு இடைவெளி விடுக. வண்டியின் கையேடு சுமைக்கெனக் குறித்த அளவுக்குக் காற்றை நிரப்புக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுபவர், பின்னமர்பவர் ஆகிய இருவருக்கும் தலைக்கவசத்தை விதிக்கிறது. இடர் நேரின் 108 என்னும் எண்ணில் ஆம்புலன்ஸ் உதவி இலவசமாகக் கிடைக்கும்.

வழியுணவை 'ஆற்றுணா' என்றனர் நம் முன்னோர். உணவோடு கருவியையும் கருத்தாகக் கட்டிச் செல்வோர், சென்ற வழியே நலமுடன் மீள்வர். வீட்டில் காத்திருப்போர்க்கு அதனினும் சிறந்த பிரசாதம் வேறில்லை.